மீட்டரின் சிவப்பு லைட்டை எண்ணிக் கரண்ட் பில்லைக் குறைத்த வேலை

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்மார்ட் மீட்டர் இல்லை. வெளிச்சுவரில் பெட்டிக்குள் மாட்டிய சாதாரண டிஜிட்டல் மீட்டர். மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்கிற தம்பி வந்து எண்ணை எடுத்து, பில்லைத் தந்துவிட்டுப் போவார். இடையில் எந்த நாள் எவ்வளவு போனது, எந்தச் சாமான் எவ்வளவு இழுத்தது என்று அந்தத் தாள் சொல்லாது. ஆனால் அதே மீட்டரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு எல்ஈடி இரவு பகலாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் தரக்கூடிய தகவலில் முக்காற்பங்கு அந்த மினுங்கலுக்குள்ளேயே கிடக்கிறது. அதை எண்ணுவதற்குச் செய்த வேலையும், எண்ணிக்கை வந்தபிறகு வீட்டில் மாற்றியவையும்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. இது விளங்காமல் எந்தக் கருவியை மாட்டியும் பிரயோசனமில்லை. இலங்கையில் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 ஜூன் திருத்தத்தின்படி, மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபாய்ப்படி, 61 முதல் 90 வரை 18.50, 91 முதல் 120 வரை 24, 121 முதல் 180 வரை 41, அதற்கு மேலே 61. பலர் கவனிக்காமல் விடுவது நிலையான கட்டணத்தை. 90 வரை 400 ரூபாய், 120 வரை 1000, 180 வரை 1500, அதைத் தாண்டினால் 2100. 120 யூனிட் எரித்த வீட்டுக்கு 3040 ரூபாய் வந்தால், 121 எரித்த வீட்டுக்கு 3581. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 541 ரூபாய். வரி இதற்கு மேலே தனி. கட்டணம் அடிக்கடி மாறுவதால், நீங்கள் வாசிக்கும் நேரத்தில் உங்கள் கையிலுள்ள பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். படிகளின் அமைப்புத்தான் முக்கியம்.

இன்னொரு விசயம். பில் போடும் நாட்கள் கூடினால் படிகளின் எல்லையும் அதே விகிதத்தில் கூடும். 30 நாளுக்கு 120 என்றால் 33 நாளுக்கு 132. ஆகவே மீட்டர் பார்க்கிறவர் பிந்தி வந்துவிட்டாரே என்று பதறத் தேவையில்லை. எல்லையை நாளுக்கு இத்தனை என்று மாற்றிக்கொண்டால் மனதில் நிற்கும்: 60க்கு நாளுக்கு 2, 90க்கு 3, 120க்கு 4, 180க்கு 6. எங்கள் வீடு நாளுக்கு 5 யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை 4க்குக் கீழே இறக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை.

மீட்டர் முகத்தை உற்றுப் பார்த்தால் எல்ஈடிக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். எங்களுடையதில் 1600. அதாவது 1600 தடவை மினுங்கினால் ஒரு யூனிட். சிலவற்றில் 1000, சிலவற்றில் 3200 இருக்கும். இரண்டு மினுங்கலுக்கு நடுவே எத்தனை செக்கன் என்று போனில் ஸ்டொப்வொட்ச் பிடித்தாலே அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியும். 36 இலட்சத்தை மீட்டரின் எண்ணால் பிரித்து, வருவதைச் செக்கனால் பிரிக்கவேண்டும். 1600 மீட்டரில் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை மினுங்கினால் 225 வாட்.

கருவி செய்ய மனமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நின்று ஒரு சோதனை செய்யலாம். லைட், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, பிரிட்ஜைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மீட்டருக்கு முன்னால் நில்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் அணைந்திருக்கவே 112 செக்கனுக்கு ஒருமுறை மினுங்கியது. கணக்குப்படி 20 வாட். எட்டு வாட் வைஃபை ரவுட்டர் என்பது எதிர்பார்த்ததுதான். மீதிப் பன்னிரண்டைத் தேடிப் போனால், டிவி அணைந்த பிறகும் வெதுவெதுப்பாக இருந்த டிகோடர். அதன் முதுகைத் தொட்டாலே தெரிந்திருக்கும், ஆனால் டிகோடரின் முதுகை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? டிவி பார்க்காத பதினெட்டு மணித்தியாலமும் அது இப்படியே இருந்தால் மாதம் ஆறு யூனிட்டுக்கு மேல் சும்மா போகிறது.

இனிக் கருவி. எண்ணுவதற்கு ஈஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியூ போர்ட் ஒன்று, வைஃபையோடு வரும் ஒரு குட்டிக் கணினி என்று வையுங்கள். எல்ஈடியைப் பார்ப்பதற்கு எல்எம்393 சிப்போடு வரும் ஒளி உணரி ஒன்று. உணரியின் கண்ணாக எல்டிஆர் வைத்ததும் உண்டு, போட்டோடயோட் வைத்ததும் உண்டு. சின்ன மினுங்கலை விடாமல் பிடிப்பது இரண்டாவது வகை. திருகோணமலை டவுனில் இவை வாய்க்காது. கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கிடைக்கும், அங்கேயிருந்து கூரியரில் எடுப்பிக்கலாம். வயரிங் என்று பெரிதாக ஒன்றுமில்லை. உணரியின் மூன்று கால்கள்: ஒன்று 3.3 வோல்ட், ஒன்று கிரவுண்ட், சிக்னல் கால் போர்டில் டி5 என்று போட்டிருக்கும் காலுக்கு. போர்டுக்குப் பழைய போன் சார்ஜர்.

மீட்டரில் இருக்கும் சீல் முத்திரையையோ மீட்டருக்குப் போகும் வயரையோ ஒருநாளும் தொடவேண்டாம். மீட்டர் நமது சொத்தும் இல்லை, சீல் உடைந்தால் அது வேறு வழக்கு. ஒளியை வெளியிலிருந்து பார்ப்பதால்தான் இந்த முறையை எடுத்தேன். பிசெம்-004டி என்ற அளவுகருவியும் நல்லது, வோல்டேஜ், கரண்ட் என்று கூடுதல் தகவல் தரும். ஆனால் அதை மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் மாட்டவேண்டும். அது எலக்ட்ரீசியனுடைய வேலை, யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

உணரியை எல்ஈடிக்கு நேரே பிடித்துவைக்கச் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, உணரியின் கண்ணை அதற்குள் செருகினேன். ரியூப் கண்ணாடியோடு நன்றாக ஒட்டி நிற்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். மேலே கறுப்பு டேப். எண் தெரியும் இடத்தை மட்டும் மறைக்காமல் விடவேண்டும், மீட்டர் பார்க்க வருகிறவர் அதைத்தான் பார்க்கவேண்டும். வந்த தம்பி ஒரு கணம் நின்று பார்த்தார்.

"உதென்ன அண்ணை, மீட்டரில ஏதோ பூட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

"பூட்டேல்ல தம்பி, ஒட்டினது மட்டும்தான். லைட்டை எண்ணுது. இந்தா, கழட்டிக் காட்டுறன்."

கழற்றிக் காட்டினேன். சீல் முத்திரையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், பிறகு தன் வீட்டு மீட்டருக்கும் வேலைசெய்யுமோ என்று கேட்டார்.

எங்கள் வீடு உப்புவெளிக் கடற்கரைக்குக் கிட்ட. உப்புக் காற்றுக்கு எந்தச் செம்புக் கம்பியும் சில வாரத்தில் பச்சை பூத்துவிடும். செருகுகிற பின்களை நம்பாமல் எல்லா இணைப்பையும் சோல்டர் பண்ணி, மேலே நகப்பூச்சு இரண்டு தடவை பூசினேன். கடையில் விற்கும் பாதுகாப்புப் பூச்சு இல்லாத இடத்தில் ஓரளவு கைகொடுக்கும். போர்ட் வீட்டுக்கு உள்ளே, உணரி மட்டும்தான் வெளியே.

அடுத்தது வெயில். மீட்டர் மேற்குச் சுவரில். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சூரியன் சரிந்து பெட்டிக்குள் விழும்போது, டேப்பின் ஓரத்தால் வெளிச்சம் கசிந்து, முற்றத்து வேப்பமரத்து இலை ஆடுவதெல்லாம் மினுங்கலாகக் கணக்கில் ஏறும். கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த மரம் ஒரு நிமிடம் சும்மா நிற்பதில்லை. உணரியில் உள்ள குட்டித் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி உணர்திறனைக் குறைத்ததில் பாதி சரிவந்தது. மீதியைக் கணக்கால் தடுத்தேன். எங்கள் வீட்டு இணைப்பு ஒற்றை பேஸ், 30 அம்பியர். 230 வோல்ட்டில் ஆகக்கூடினால் 6900 வாட். அந்த உச்சத்திலும் 1600 மீட்டர் 326 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் மினுங்கமுடியும். ஆகவே 300 மில்லிசெக்கனுக்குள் வந்த எதுவும் பொய் மினுங்கல், எண்ணாதே என்று போர்டில் ஓடும் புரோகிராமில் ஒரு வரி. இலையாட்டம் அதோடு நின்றது. சரிதானா என்று பார்க்கக் காலையில் மீட்டர் எண்ணைக் குறித்து, அடுத்தநாள் காலையில் திரும்பக் குறித்து, வித்தியாசத்தை 1600ஆல் பெருக்கிக் கருவியின் எண்ணிக்கையோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் நெருங்கி வரும்வரை மற்ற வேலைக்குப் போகவேண்டாம்.

எண்ணிக்கையை எங்கே சேமிப்பது? இணையத்தில் பலரும் சொல்வது வீட்டுக் கருவிகளைக் கண்காணிக்கும் ஹோம் அசிஸ்டன்ட். அருமையான மென்பொருள், ஆனால் அதை ஓட்ட ஒரு கணினி இரவு பகலாக இயங்கவேண்டும். வீட்டில் கிடந்த பழைய லப்டொப் 15 வாட் இழுக்கும் என்றே வையுங்கள், மாதம் 10.8 யூனிட். பில் குறைக்கப் போய் அந்தக் கணினிக்கே 41 ரூபாய்ப் படியில் காசு கட்டவேண்டி வரும். அம்மா போர்டைக் கண்டதுமே கேட்ட கேள்வியும் அதுதான்: "கரண்டைக் குறைக்க இன்னொரு கரண்ட் சாமானே?" நோட்எம்சியூ அரை வாட் அளவுதான் எடுக்கும், மாதம் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. எண்ணிக்கையை கூகிள் ஷீட்டுக்கே அனுப்பிவிட்டேன். அதை வாங்கிப் பதிய, ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் வசதியில் பத்துப் பதினைந்து வரி. போர்ட் ஒவ்வொரு நிமிட எண்ணிக்கையையும் வைத்திருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து எண்களை ஒரே வரிசையாக அனுப்பும். மாதத்துக்கு ஒரு தாள், இல்லாவிட்டால் ஷீட் திறக்கவே நேரமெடுக்கும்.

கரண்ட் நின்றால்? கருவியும் நிற்கும், மீட்டரும் நிற்கும். எண்ணத் தவறியது என்று ஒன்றும் இல்லை, அனுப்பாமல் கையில் இருந்த கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போகும். கரண்ட் திரும்ப வரும்போது ரவுட்டர் எழும்பப் பல செக்கன் பிடிக்கும், போர்ட் உடனே எழும்பிவிடும். எண்ணத் தொடங்கும் வரியை முதலிலும், வைஃபைக்குக் காத்திருக்கும் வரியைப் பின்னாலும் போடுங்கள்.

எண்கள் வரத் தொடங்கியபின் நான் பகலைப் பார்க்கவில்லை. பகலில் ஒருவர் அயன் பண்ண, இன்னொருவர் சோறு வைக்க எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நள்ளிரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் வீட்டில் எல்லோரும் நித்திரை. அந்த நேரத்து எண்கள் துப்புரவானவை. நிமிடத்துக்கு நாலு மினுங்கல், நாலு, நாலு, பிறகு ஏழு, ஏழு, ஏழு, பிறகு திரும்ப நாலு. நாலு என்பது இரண்டு ஃபேன், ரவுட்டர், டிகோடர் சேர்ந்த 160 வாட். அது ஏழு ஆவது பிரிட்ஜின் கம்பிரசர் எழும்பும்போது. வீட்டுக்குள் எந்த மீட்டரும் பூட்டாமல் பிரிட்ஜ் எப்போது ஓடுகிறது, எப்போது ஓய்கிறது என்று நிமிடக் கணக்கில் தெரிகிறது.

அந்த அழகான வரிசைக்குள் ஒரு முள் இருந்தது. ஒன்றரை மணியளவில் திடீரென்று பத்தொன்பது. அடுத்த நிமிடம் திரும்ப நாலு. மூன்று மணியளவில் மறுபடி பத்தொன்பது. அடுத்த இரவும் அப்படியே, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியால இடைவெளியில். பதினைந்து மினுங்கல் கூடுவதென்றால் 550 வாட். வீட்டில் அந்த அளவு இழுக்கக்கூடியது கிணற்று மோட்டர் ஒன்றுதான். மேலே தண்ணீர்த் தாங்கியில் மிதவைச் சுவிட்ச் இருக்கிறது, மட்டம் இறங்கினால் மோட்டர் தானே ஓடும். ஆனால் இந்த நேரத்தில் யார் தண்ணீர் பாவிக்கிறார்கள்?

படுக்கப்போகும் முன் இரண்டு கழிப்பறையின் சிஸ்டர்னுக்குள்ளும் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டுவைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் பின்பக்கக் கழிப்பறையின் கோப்பை முழுக்க நீலம். உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு காய்ந்து விளிம்பு சுருங்கிப்போய், சத்தமே இல்லாமல் மணித்தியாலத்துக்கு இருபது லீற்றரளவு ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பரை மாற்றியதோடு இரவில் அந்தப் பத்தொன்பது வருவதில்லை. கரண்ட் கணக்கில் இது பெரிய மீன் இல்லை, மாதம் நாலைந்து யூனிட்தான். ஆனால் நாளுக்கு ஐந்நூறு லீற்றரளவு கிணற்றுத் தண்ணீர். கடற்கரை மணலில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு, கோடையில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும்போது அதன் பெறுமதி தெரியும்.

பெரிய மீன்கள் இரண்டு, பிரிட்ஜும் ஃபேனும்.

பிரிட்ஜ் இருபத்தைந்து நிமிடம் ஓடிப் பதினைந்து நிமிடம் ஓய்ந்தது, அதுவும் இரவுக் குளிர்ச்சியில். நண்பகலில் கச்சான் அடிக்கும்போது ஓய்வே இல்லை. கதவில் இருபது ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கமாகப் பிடித்தது, கீழ்மூலையில் சும்மா வழுக்கி வந்தது. கதவு ரப்பர் அந்த மூலையில் தொய்ந்துபோய்க் கிடந்தது. பிரிட்ஜ் திருத்துகிறவரைக் கொண்டு ரப்பரை மாற்றினோம். பிரிட்ஜ் நின்ற இடமும் பிழை. வெயில் வாங்கும் மேற்குச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றது. குசினியின் உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, பின்னால் ஒரு சாண் இடம் விட்டதும் ஓட்டம் பதினெட்டு நிமிடமாகவும் ஓய்வு இருபத்திரண்டாகவும் மாறியது. நாளுக்கு 1.6 யூனிட் எடுத்தது 1.2க்கு வந்தது.

ஃபேன் விசயத்தில் வீட்டுக்குள் ஒரு சின்ன யுத்தம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 70 வாட். படுக்கையறை இரண்டிலும் இரவு முழுக்க ஓடினால் அதுவே நாளுக்கு 1.2 யூனிட்டுக்கு மேல். திருகோணமலையில் வைகாசி தொடங்கி ஆவணி வரை ஃபேனை நிறுத்து என்று சொல்கிறவன் வீட்டில் நிம்மதியாக இருக்கமுடியாது. நிறுத்தாமல் மாற்றினோம். பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டர் போட்ட ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். இரண்டு அறைக்கும் மாற்றியதில் மாதம் 21 யூனிட் குறைந்தது. அந்த 21ம் 41 ரூபாய்ப் படியிலிருந்து கழிகிறது என்பதைக் கவனியுங்கள். சராசரி விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஃபேன் மாற்றுவது நட்டம்போலத் தெரியும். கழிவது எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான், அந்த விலையைத்தான் போடவேண்டும். அப்படிப் போட்டாலும் போட்ட காசு திரும்ப மூன்று வருடமளவு ஆகும் என்பது என் கணக்கு. ஹோல் ஃபேனை அதனால்தான் மாற்றவில்லை, அது பகலில் கொஞ்ச நேரம் ஓடுவது.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் ஓர் ஆலோசனையை எங்கள் ஆட்கள் சிலர் அப்படியே பின்பற்றுகிறார்கள்: உடுப்புத் தோய்க்கிற மெசினை நடுச்சாமத்தில் போடு, மலிவு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்தில் இருப்பவருக்கு அது சரி. இலங்கையில் அந்தக் கட்டணத்தில் பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு நேரம். சாதாரண படிக் கட்டணத்தில் இருக்கும் வீட்டுக்கு நடுச்சாமத்து யூனிட்டும் நண்பகல் யூனிட்டும் ஒரே விலை. நித்திரை முழித்து மெசின் போடுவதால் ஒரு சதமும் மிஞ்சாது. எங்களுக்கு எந்த நேரம் என்பது பொருட்டில்லை, எத்தனை என்பதுதான். அதேபோல, கேத்தலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது போடும்போது எண்கள் பயங்கரமாகத் துள்ளும், உண்மைதான். ஆனால் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க 0.1 யூனிட்தான். துள்ளுகிற சாமானைவிட, சத்தமில்லாமல் நாள் முழுக்க இழுக்கிற சாமான்தான் பில்லை ஏற்றுகிறது.

டிகோடருக்குச் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டாயிற்று. பிள்ளைகள் அணைக்க மறந்தாலும் மறுநாள் விடிய ஷீட்டில் இரவு எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

150 யூனிட்டில் 4770 ரூபாய் வந்த கணக்கு, மேலே சொன்ன அதே விலைப்படி 110 யூனிட்டில் 2800. யூனிட் நாலில் ஒரு பங்களவுதான் குறைந்தது, காசு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஷீட்டின் மேலே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்: கடைசியாக மீட்டர் பார்த்த நாளிலிருந்து நாளுக்குச் சராசரி எத்தனை என்று. 3.8ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 4ஐத் தாண்டினால் சிவப்பு. ஊரிலிருந்து ஆட்கள் வந்து நிற்கும் கிழமையில் செம்மஞ்சளாகும், அவர்கள் போனபின் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

நாளுக்கு 3 யூனிட் என்ற அடுத்த படிக்கு இறங்கினால் அதே விலைப்படி 90 யூனிட்டுக்கு 1720 ரூபாய்தான். ஆசை இருக்கிறது. ஆனால் கச்சான் காலத்தில் அம்மாவின் பகல் ஃபேனில் கைவைத்தால்தான் அது நடக்கும், அதைச் செய்யப்போவதில்லை. வாடைக் காற்றோடு மாரி தொடங்கி ஃபேன்கள் தானாக நின்றபிறகு அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது ஒன்று கேட்டிருக்கிறார். அவர்களுடைய மீட்டரில் 3200 என்று போட்டிருக்கிறது. புரோகிராமில் இரண்டு இடத்தைத்தான் மாற்றவேண்டும். யூனிட்டுக்கு 1600 என்பது 3200 ஆகும். மினுங்கல் இரண்டு மடங்கு வேகமாக வருவதால் 300 மில்லிசெக்கன் என்பதை 150 ஆக்கவேண்டும், அப்படியே விட்டால் மோட்டரும் அயனும் கேத்தலும் ஒன்றாக ஓடும் நேரத்தில் உண்மையான மினுங்கலையே பொய் என்று தள்ளிவிடும்.